நெழலையும் கூட்டிக்கிட்டுப் போ

சித்த காலைத் தள்ளி வெச்சுக்குங்க. கண்ணாடிங்க. இல்ல இல்ல, நீங்க ஒண்ணும் பண்ணல, முன்கூட்டியே சொல்லி வெக்கறேன். மூணடிக்கு ரெண்டடி. மேலே வெக்கச் சொல்லி கண்டக்டர் சத்தம் போட்டாரு. மேலே வெச்சுட்டு, டிரைவர் ஒரு பிரேக் அடிச்சாருன்னா? ரெண்டு முட்டிக்கு நடுவுல வெச்சுக்கிட்டா தாராபுரம் வரைக்கும் பத்திரமாப் போயிரும். நீங்களும் தாராபுரமுங்களா? நல்லதாப் போச்சு.

படமுங்க. நான் எடுத்த படம். பிரிச்சுக் காட்டறேன், பல்லடம் தாண்டட்டும், கூட்டம் கொறையட்டும். ஊட்டுக்காரிக்குக் கொண்டு போறேன். அவ தம்பி ஊட்டுல இருக்கறா. இன்னிக்கோட நாப்பத்திரண்டு நாளு. சண்டையான்னு கேக்காதீங்க. சண்டைன்னா ரெண்டு பேரும் பேசோணுமில்லீங்களா? அவ எங்கிட்டப் பேசவே இல்ல. நீங்க பொறுமையான ஆளாட்டத் தெரியறீங்க. நடந்ததை நடந்தபடியே சொல்றேன், கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, தப்பு யார் மேலன்னு.

எம்பேரு நஞ்சப்பன். சிங்காநல்லூர்ல ஒரு பம்பு கம்பெனில இருவத்தாறு வருசமா குவாலிட்டி செக்கிங். கடைசியா பம்பு பொட்டிக்குள்ள போறதுக்கு முந்தி என்ற மேசைக்குத்தான் வரும். பெயிண்ட்ல ஒரு கொப்புளம், போல்ட்ல ஒரு பொட்டுத் துரு, எது இருந்தாலும் திருப்பி அனுப்பிருவேன். என்ற கண்ணுல எதுவும் தப்பாதுங்க. எங்க மேனேஜரே சொல்லுவாரு, நஞ்சப்பன் பார்த்தாச்சுன்னா அதுக்கப்பறம் பார்க்க ஒண்ணுமில்லைன்னு.

அந்தக் கண்ணு இருக்கறதனாலதான் படம் எடுக்கற பைத்தியமும் புடிச்சுது. எட்டு வருசமா. வனத்தை எடுக்கறதில்ல, பறவையை எடுக்கறதில்ல. வெறும் நெலம். மலை, பனி, வயக்காடு, வெடியால வெளிச்சம். எங்க ஊர்ல ஒரு போட்டோ சங்கம் இருக்குது, ஒரு பல் டாக்டர் தலைவரு. அங்க நெலப்படத்துக்கு ஒரு சட்டமுண்டுங்க. படத்துல மனுசன் இருக்கக் கூடாது. மனுசன் கைபட்டது எதுவும் கண்ணுல படக் கூடாது. ஆளு வந்துட்டா அது கல்யாண ஆல்பம் ஆயிப்போயிரும்னு டாக்டர் சொல்லுவாரு. எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் புடிச்சுப்போச்சு.

ஞாயித்துக்கெழமையானா வெடியால நாலு மணிக்கு வண்டி கெளம்போணும். நான் மட்டும் போனா என்னன்னு கேப்பீங்க. அப்படிப் போற ஆளு நான் இல்லீங்க. குடும்பத்தை வுட்டுட்டுத் தனியா ஊர் சுத்தற பழக்கம் எனக்கில்ல. சம்சாரம், பொண்ணு, ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுத்தான் போவேன். எங்க கம்பெனில எத்தனை பேரு பொண்டாட்டியை மாசத்துக்கு ஒருக்கா கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போறான், சொல்லுங்க பார்க்கலாம். நான் வாரம் தவறாம.

மூணு மணிக்கே வசந்தாமணி எந்திரிச்சுருவா. தக்காளிச் சாதம் கிண்டி, பிளாஸ்க்குல காபி ஊத்தி, எல்லாம் ஆனதுக்கப்பறம் என்னை எழுப்புவா. நான் எந்திரிச்சு பொண்ணை எழுப்பி, வண்டியைத் தொடச்சு... அந்த வேலையெல்லாம் என்றதுதான். முன் சீட்டு கேமரா பேக்குக்கு. லென்ஸு ஆடக் கூடாதுன்னு சீட் பெல்ட்டும் போட்டு வுட்டுருவேன். அவங்க ரெண்டு பேரும் பின்னாடி, கேமரா ஸ்டாண்டு அவங்க மடியில. பின் சீட்டுதான் விசாலமுங்க.

எடத்துக்குப் போனதும் என்ன பிரச்சினைன்னா, நெழலு. நீங்க படம் எடுக்கறவரில்ல, அதனால சொல்றேன். வெடியால சூரியன் நமக்குப் பின்னால, தரையோட தரையா இருக்கும். எதுக்கால மலையில வெளிச்சம் விழுகும், பொன்னாட்டம். அதே வெளிச்சத்துல நம்ம நெழலு முப்பதடி நாப்பதடி நீண்டு நேரா படத்துக்குள்ள போயிக் கெடக்கும். என்ற நெழலுக்கு நான் ஒரு வழி பண்ணிக்குவேன், வரப்போரமா குனிஞ்சு ஒக்காந்துருவேன். இவ சும்மா நிக்க மாட்டா. காபி வேணுமான்னு வருவா. பூச்சி கடிக்குதுன்னு நவுருவா. அம்மிணி, உன்ற நெழலு உள்ளே வருது, ஒக்காருன்னு சொல்லுவேன். ஒக்காந்துக்குவா. ஈரத்துலதான் ஒக்காரோணும், பனியில எங்க போய்க் காஞ்ச எடம் தேடறது? எட்டு வருசம் ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க. அதனாலதான் எனக்கு இப்பப் புரியவே மாட்டேங்குது.

மார்கழில மூணாவது ஞாயிறு. உடுமலைக்குத் தெக்கே ஒரு எடம் பார்த்து வெச்சிருந்தேன். பெரிய சோளக்காடு, அறுத்து முடிஞ்சு வெறும் தட்டை நிக்குது, அதுக்கங்கால இட்டேரின்னு ஒரு மண் தடம், முள்ளு வேலி, ரோடு, அப்பறம் மலை. நாங்க போறப்ப பனி அப்படியே எறங்கி நிக்குது. ஒரு எலை அசையலீங்க. பொட்டுக் காத்து இல்ல. காத்து இருந்தா பனி நிக்காது, கலைஞ்சு போயிரும். வருசத்துக்கு ஒருக்காத்தான் அந்த மாதிரி வெடியல் அமையும். சங்கத்துல வருசக் கண்காட்சி வேற வருது.

பொண்ணு தாரணி பின் சீட்டுல காதுல வயரை மாட்டிக்கிட்டுத் தூக்கம். காலேஜ் படிக்கறா, அவளுக்கு ஞாயித்துக்கெழமை தூங்கோணும். நான் ஸ்டாண்டை நட்டு, எல்லாம் சரி பண்ணி, சூரியன் மேலே வரட்டும்னு மூச்சைப் புடிச்சுக்கிட்டு இருக்கறேன். வெளிச்சம் மலை உச்சியில பட்டுச்சு பாருங்க, அந்த நேரம் பார்த்து ஒரு நெழலு சரசரன்னு உள்ளே வருது. கையில தம்ளரோட.

"ஏனுங்க, காபி ஆறிப்போகுதுங்க."

"நெழலு! நெழலு!"

"ஒக்காந்துக்கறேன். ஒரு நிமிசம் இங்க பாருங்களேன். அந்த மலை எப்படி இருக்குது! என்னையும் தாரணியையும் அது முன்னால நிக்க வெச்சு ஒண்ணே ஒண்ணு எடுங்களேன். அவளுக்குக் கல்யாணமாயிட்டா எங்க வரப்போறா."

இதைக் கேக்கற நேரமுங்களா இது? வெளிச்சம் ரெண்டு நிமிசம் இருக்கும், மூணு நிமிசம் இருக்கும். நான் திரும்பக்கூட இல்ல. திரும்பினா கேமரா ஆடிரும். சொன்னேன்: "உன்ற நெழலையும் கூட்டிக்கிட்டு அப்பால போ."

அவ்வளவுதாங்க நான் சொன்னது. கெட்ட வார்த்தையா? கையை ஓங்கினனா? அப்பால போன்னேன். எவ்வளவு தூரம்னு நான் சொல்லல.

நெழலு போயிருச்சு. எனக்கும் நிம்மதி. இருவது நிமிசம், நாலே நாலு படம். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பனி எறங்கறதுக்குக் காத்துக்கிட்டு இருந்து எடுத்தது. நாலாவது எடுக்கறப்பவே தெரிஞ்சு போச்சு, இதுதான்னு. ஸ்டாண்டை மடிச்சு வெச்சேன். கேமராவுக்கு பெல்ட் போட்டேன். பின்னாடி ஒரு பார்வை பார்த்தேன், பார்க்காம வண்டி எடுக்கற ஆளு நான் இல்லீங்க. இந்தப் பக்கம் பொண்ணு தூங்கறா, அந்தப் பக்கம் போர்வை கெடக்குது. போர்வைன்னா அதுக்குள்ள ஆளு இருக்கும்னுதான யாரும் நெனப்பாங்க? வண்டியை எடுத்துட்டேன். அணைக்கட்டுல தண்ணி மேல பனி கெளம்பறதையும் புடிச்சுரலாம்னு.

இருவத்திரண்டு கிலோமீட்டருங்க.

அணைக்கட்டுல எறங்கி ஸ்டாண்டை நட்டுட்டு, கண்ணைக் கேமராவுல வெச்சுக்கிட்டே பின்னாடி கையை நீட்டி, "வசந்தா, காபி"ன்னேன். கை அப்படியே நீட்டினபடி இருக்குது. காபி வரல. "வசந்தா"ன்னேன். தாரணி எறங்கி வந்து, "அம்மா எங்கப்பா?"ங்கறா. "உன்ற பக்கத்துல"ங்கறேன் நான். அவ ஓடிப்போய்ப் போர்வையைத் தூக்கிக் காட்டறா. போர்வைக்கு அடியில வசந்தாவோட செல்போன், பிளாஸ்க், சாதப் பொட்டி. அழுக ஆரம்பிச்சுட்டா புள்ள. திருப்புங்கப்பா, திருப்புங்கப்பான்னு ஒரே கத்தல்.

திருப்பினேன். உடனே திருப்பினேன். உடனேன்னா... தண்ணி மேல வெளிச்சம் அப்பத்தான் உக்காருதுங்க. ஸ்டாண்டு ஏற்கனவே நட்டாச்சு. ஒரு பத்து நிமிசம். பத்தே நிமிசம். அவ எங்க போயிரப்போறா, வுட்ட எடத்துலதான் நிப்பா, எட்டு வருசமா அப்படித்தான் நின்னிருக்கா. இருவத்திரண்டு கிலோமீட்டர்ல பத்து நிமிசம் ஒரு கணக்காங்க? அந்த அணைக்கட்டுப் படமும் சரியா வரல. பொண்ணு கத்துன கத்துல எனக்குக் கை ஆடிப்போச்சு.

திரும்பி வந்து பார்த்தா ஆளில்ல. சோளக்காட்டுல தேடறோம், வாய்க்கால்ல எட்டிப் பார்க்கறோம். வாய்க்கால்ல தண்ணி கொஞ்சம்தான், ஆனா அந்த நேரத்துல மனசு எங்கெங்கயோ போகுது. ரோட்டோரமா ஒரு டீக்கடை. அவருகிட்டப் போய், இப்படி இப்படி, ஒரு அம்மா வந்தாங்களான்னு கேட்டேன்.

"என்ன சேலை கட்டியிருந்தாங்க?"ன்னாரு.

சேலைன்னேன். சேலைதான் கட்டுவா. கலரு என்னங்கறாரு. நான் தாரணியைப் பார்த்தேன். "செங்கல் கலரு. நான் பொறந்தநாளுக்கு வாங்கிக் குடுத்தது. நாலு மாசமா ஞாயித்துக்கெழமை அதைத்தான் கட்டுது"ன்னா. இருட்டுல கெளம்பறோம், எனக்கு எப்படிங்க தெரியும்? அவரு, போட்டோ இருந்தாக் காட்டுங்கன்னாரு. போட்டோவா! எங்கிட்டயா கேக்கற போட்டோன்னு செல்லை எடுத்துத் தள்ளறேன், தள்ளறேன், தள்ளிக்கிட்டே இருக்கறேன். மலை, பனி, மலை, வயலு, பனி. எட்டு வருசத்துல பதினாலாயிரம் படமுங்க. ஒண்ணுல ஒரு கை இருந்துச்சு, தம்ளரோட. கடைசியா, கெட்டுப்போன படம்னு ஒதுக்கி வெச்சதுல ஒண்ணு கெடச்சுது. போன மாசம் எடுத்தது, தரையில நீளமா அவ நெழலு. அதைக் காட்டினேன். இவங்கதான்னேன். டீக்கடைக்காரரு அதைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, போயி அடுப்பைப் பத்த வெச்சுட்டாரு. சில பேருக்கு ஒத்தாசை பண்ணோணும்ங்கற எண்ணமே கெடையாது.

ஒம்பதரைக்கு தாரணி போன் அடிக்குது. மச்சினன் சண்முகசுந்தரத்தோட நம்பரு. பேசறது வசந்தாமணி. மொதல் பஸ்ஸைப் புடிச்சு உடுமலை போயி, அங்கிருந்து தாராபுரம் போயிருக்கறா. இடுப்புல சுருக்குப்பை எப்பவும் வெச்சிருப்பா. "நான் தம்பி ஊட்டுல இருக்கறேன். மாவு பிரிட்ஜுல இருக்குது, நீ சாப்புடு"ன்னு சொல்லியிருக்கறா. என்னைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. வுட்டுட்டு வந்தது தப்புதான், நான் இல்லைன்னு சொல்லல. மறதி யாருக்கும் வரும். அவளும் அதைப் பெருசா எடுத்துக்கல, மச்சினன் சொன்னாரு. ஆனா இந்தப் புள்ள அன்னிக்குச் சாயந்திரமே போன் பண்ணி அந்தப் பத்து நிமிசத்தைச் சொல்லி வெச்சிருக்கறா பாருங்க. குடும்பத்துல எதை எப்பச் சொல்லோணும்னு ஒரு வெவரம் வேண்டாமா? மறுநாள் நான் கூப்பிட்டப்ப மச்சினன்தான் எடுத்தாரு.

"மச்சான், அக்கா இங்கயே இருக்குதாமுங்க."

"எத்தனை நாளைக்குங்க மாப்ள?"

"பத்து நிமிசம்னு சொல்லச் சொல்லுச்சுங்க."

நாப்பத்திரண்டு நாளாச்சு.

சோறு பிரச்சினையில்லீங்க, நானே வெச்சுக்குவேன். உப்பு எங்கிருக்குதுன்னு கண்டுபுடிக்க மட்டும் ரெண்டு நாளாச்சு. பிரச்சினை என்னன்னா, ஞாயித்துக்கெழமை மூணு மணிக்குத் தானா முழிப்பு வந்துருது. சமையக்கட்டுல ஒரு சத்தமும் இருக்காது. அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்துலயே காதுல விழுந்துக்கிட்டு இருந்திருக்குதுங்க, எனக்கே தெரியல. படுத்துக் கெடக்கறேன். கேமராவைத் தொட மனசு வரல. வண்டியும் எடுக்கறதில்ல. அவ இல்லாம எனக்கு ஆகாதுங்க. இதை யார்கிட்டயும் சொன்னதில்ல, நீங்க முன்னபின்ன தெரியாத ஆளுங்கறதால சொல்றேன்.

அந்த வண்டியில இனி ஏற மாட்டேன்னு சொல்லிட்டாளாம். அதனாலதான் பஸ்ஸுல போறேன். பஸ்ஸுல போனா, பஸ்ஸுல கூட வந்துருவாளோ என்னமோ. மச்சினன் ஒரே ஒரு சேதிதான் சொன்னாரு: "நேர்ல வாங்க மச்சான். வந்து அது மூஞ்சியைப் பார்த்துப் பேசுங்க. வரலீன்னா, அதுக்கு இங்க ஸ்கூல்ல சத்துணவு வேலை சொல்லி வெச்சிருக்கறேன், திங்கக்கெழமை சேர்ந்துக்கும்." இன்னிக்கு ஞாயிறு. அதனாலதான் இன்னிக்கு.

வெறுங்கையோட போகலாமா? சேலை எடுக்கலாம்னு பார்த்தேன், கலரு தெரியல. அப்பத்தான் தோணுச்சு, இந்தப் படம். ஆமாங்க, அன்னிக்கு எடுத்த அந்த நாலாவது படம்தான். கண்காட்சில மொதல் பரிசு! பல் டாக்டர் மைக்குல சொன்னாரு, "இதுல ஒரு மாசு மருவு காட்டுங்க, நான் சங்கத்தை வுட்டுப் போயிடறேன்"னு. அவ அங்க வந்ததாலதான இந்தப் படம் கெடச்சுது? நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து போன எடம்னு சொல்லி அவ கையில குடுத்தா, மனசு எளகும். கேமராவையும் கொண்டாந்திருக்கறேன். அம்மாவை ஒரு படம் எடுத்துட்டு வாங்கன்னு தாரணி சொல்லி அனுப்பினா. அன்னிக்குப் போட்ட கார்டு அப்படியே உள்ள கெடக்குது.

பல்லடம் தாண்டி எந்நேரமோ ஆச்சு, பேச்சு மும்முரத்துல பார்க்கல பாருங்க. குண்டடமே வந்துருச்சு. இருங்க, பேப்பரைப் பிரிக்கறேன். புடிச்சுக்குங்க. எப்படி? ஆளு இருக்குதா? மனுசன் கைபட்டது ஏதாச்சும் தெரியுதா?

எங்கீங்க? அந்த வேலியோரமா? மங்கலாவா? அட, உங்களுக்கும் கண்ணு இருக்குதே! டாக்டருக்கே தெரியல. அது ஒண்ணுமில்லீங்க. அந்த எடத்துல ஒரு பொட்டு இருந்துச்சு. செவப்பா, சின்னதா. எவனோ வீசிட்டுப் போன பிளாஸ்டிக் கவரு வேலியில மாட்டிக்கிட்டு இருந்திருக்குது. ஸ்டுடியோவுல குடுத்து அழிக்கச் சொன்னேன். பொடியாப் பார்த்துப் பார்த்து அழிச்சான், அப்பவும் தடம் தெரியுதா? நாலு படத்துலயும் அந்தச் சனியன் இருந்துச்சு. மொதல் படத்துல காட்டோரம், அடுத்ததுல இட்டேரி, மூணாவதுல வேலியைத் தாண்டறதுக்கு முன்னால, இதுல வேலியோரம். காத்துல நவுந்துக்கிட்டே...

காத்து இல்லீங்க அன்னிக்கு.

நான்தான சொன்னேன்? ஒரு எலை அசையலைன்னு. காத்து இருந்தா பனி நிக்காதுன்னு.

இருங்க. இதைச் சித்தப் புடிங்க, கேமராவை எடுக்கறேன். இந்தாங்க. இதுதான் நாலாவது, அழிக்காதது. பெருசு பண்றேன். இன்னும் பெருசு. எனக்குக் கண்ணு கலங்கலாத் தெரியுது, நீங்க பார்த்துச் சொல்லுங்க. கவருங்களா அது?

சேலை. ஆமா. செங்கல் கலருதான். நின்னுட்டாளா? எந்தப் பக்கம் பார்த்து நிக்கறா? அந்தப் பக்கம் ரோடு இருக்குது, ரோட்டைத்தான பார்ப்பா?

இங்கயா? கையை நெத்தியில வெச்சுக்கிட்டா? ஆமாங்க. சூரியன் என்ற முதுகுப் பக்கம். என்னைப் பார்க்கோணும்னா அவளுக்குக் கண்ணு கூசும், கையை வெச்சாத்தான் பார்க்க முடியும். நெழலு அவளுக்குப் பின்னாடி விழுந்து கெடக்குது பாருங்க. சொன்னபடியே கூட்டிக்கிட்டுத்தான் போயிருக்கறா. போயி, நின்னு, திரும்பிப் பார்த்திருக்கறா. அந்த நேரம் பார்த்துத்தான் நான் படம் எடுத்திருக்கறேன். ஒரு சத்தம் குடுத்திருந்தா வந்திருப்பா. "வசந்தா"ன்னு ஒரு சத்தம்.

எட்டு வருசத்துல நல்லா வுழுந்த படம் அவளுக்கு இது ஒண்ணுதாங்க. அதையும் நானே காசு குடுத்து அழிச்சு, கண்ணாடி போட்டு, அவளுக்கே கொண்டுபோறேன்.

அந்தக் கேமராவுல இருக்கறதைக் காட்டட்டுமா அவகிட்ட? ஒண்ணே ஒண்ணு எடுங்கன்னியே, இந்தா பாரு நாலு எடுத்திருக்கறேன்னு... வேண்டாமுங்களா? ஆமா. வேண்டாம். அப்படிச் சொல்லக் கூடாது. வேற என்னன்னு ஆரம்பிக்கறது? சொல்லத் தெரியலீங்க எனக்கு. மூஞ்சியைப் பார்த்துப் பேசுங்கன்னாரு மச்சினன். பார்க்கறேன். மொதல்ல பார்க்கறேன்.

தாராபுரம் வந்துருச்சுங்களா? நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரல, இந்த முக்குலயே எறங்கிக்கறேன், அவங்க ஊடு இங்கதான். கண்டக்டர், ஒரு நிமிசம், ஆள் எறங்கோணும்! வழி வுடுங்க. பேக்கு இருக்குது, செருப்பு இருக்குது. வர்றனுங்க.

என்ன? படமா? சீட்டுல இருக்கட்டுமுங்க. இல்லீங்க, மறக்கல. இந்தத் தடவை தெரிஞ்சேதான் வுட்டுட்டுப் போறேன்.